பெரிய முள் மணிக்கு

நோவி சாத் நகரில் பல் செய்கிறவள் நான்.
பகலில் பீங்கான் தூளைக் குழைத்து
முகம் தெரியாத யாருடைய மேல்தாடைக்கோ
ஒரு கடைவாய்ப்பல்.
இரவில் அரக்கர்களுக்கு.

வீடியோ கேமுக்கு வரைய வேண்டுமென்று
முப்பத்தெட்டு வயதில் ஆசை வந்தது.
முதல் வருடம் நாற்பத்தாறு அரக்கர்கள்.
எல்லோருக்கும் பல்வரிசை அபாரம்,
ஒருவனாலும் வாயை மூட முடியாது.
மிலுடின்தான் கண்டுபிடித்தான்,
ஆய்வகத்தில் எனக்கு அடுத்த மேசை,
பாலாடைக்கட்டி ரொட்டியை மென்றபடி:
"பாவம், இவன் எப்படி விழுங்குவான்?"

அன்றிரவு தாடை மூட்டு மட்டும் வரைந்தேன்.
மறுநாளும் மூட்டு. அந்த மாதம் முழுக்க மூட்டு.
பூனையின் தாடை தாழ்ப்பாள்போல மேலும் கீழும்,
பசுவின் தாடை திரிகைபோலப் பக்கவாட்டில்.
வாய்கள் மூடின.

லிமானில் ஒரு ஸ்டூடியோவுக்குப்
பன்னிரண்டு பக்கங்கள் அனுப்பினேன்.
மூன்று வரி வந்தது:
பற்கள் நன்று.
திரையில் இவன் கட்டைவிரல் உயரம்தான் இருப்பான்.
அப்போது இவன் யார்?

போனில் சுருக்கிப் பார்த்தேன்.
நடைபாதையில் மிதிபட்ட
நாற்பத்தாறு மல்பெரிப் பழங்கள்.

கோபத்தில் கோட்டுகூடப் போடாமல் இறங்கிப்
பாலத்தின் பாதி வரை நடந்துவிட்டேன்.
நவம்பர். கோஷவா காற்று காதை அறுத்தது.
எதிரே கோட்டை மேல் அந்தக் கடிகாரம்:
பெரிய முள் மணிக்கு, சின்ன முள் நிமிடத்துக்கு.
வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள்,
நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.
ஆற்றில் படகோடு போகிறவனுக்கு
மணி தெரிந்தால் போதும்,
நிமிடத்தை வைத்து அவன் என்ன செய்வான்?
பிறந்ததிலிருந்து பார்க்கிற கடிகாரம்.
அன்றுதான் மணி பார்த்தேன்.

தபால்தலை அளவில் கட்டங்கள்.
கறுப்பு மை மட்டும். ஒன்றுக்கு இரண்டு நிமிடம்,
அடுப்படி டைமர் கத்தினால் அடுத்தது.
கண் கிடையாது, உரோமம் கிடையாது,
என் உயிரான பல் கிடையாது.
எட்டாம் நம்பர் பஸ்ஸில் ஏறுகிறவர்களையெல்லாம்
நிழலாக உரித்தெடுத்தேன்.
அக்கார்டியன் பெட்டியோடு ஒருவர்,
பையிலிருந்து லீக் தண்டு நீட்டிக்கொண்டிருக்கும் பெண்,
கதவொன்றைக் கழற்றிச் சுமந்து வந்து
டிரைவரோடு சண்டை போட்ட பையன்.
கை கெட்டுப்போனது. நடுவில் ஒன்பது நாள்
பேனாவைத் தொடவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நூற்று நாற்பதோ, நாற்பத்தொன்றோ,
அந்தக் கட்டத்தில் ஒருவன் நின்றான்.
தோள்களுக்குள் புதைந்த தலை,
முழங்காலைத் தாண்டும் கைகள்,
அலமாரியைத் தனியாக மாடிக்கு ஏற்றுகிறவனின் சாய்வு.
போனை மேசையில் வைத்துவிட்டு
சமையலறை மூலை வரை போய்த் திரும்பிப் பார்த்தேன்.
அங்கிருந்தும் அவன்தான்.

பிறகுதான் உள்ளே போனேன்.
ஆற்றோரம் படகிழுப்பவன். தோளில் காய்ப்பு.
நாணல் தின்கிறவன், அதனால் பற்கள் தட்டை.
கை ஓயும்போது கயிற்றை வாயில் கவ்வுவான் என்று
யாரும் சொல்லாமலே தெரிந்தது.
விளையாடுகிறவர்கள் யாரும்
அவ்வளவு கிட்டத்தில் போகப்போவதில்லை.
போனால் வெட்டத்தான் போவார்கள்.

மிலுடின் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான்,
நோயாளியின் அச்சைப் பார்ப்பதுபோல.
"வலது பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறதே,
கயிறா?"

வேறெதுவும் கேட்கவில்லை.
நானும் மெழுகைச் சூடாக்கப் போய்விட்டேன்.

ஸ்டூடியோவிலிருந்து நேற்று ஒரு சோதனை:
வெள்ளத்தில் மூழ்கிய ஆலைக்கு ஒரு கதவு,
வெள்ளிக்கிழமைக்குள்.
அது உள்பக்கமா வெளிப்பக்கமா திறக்கும் என்று
அவர்கள் சொல்லவில்லை.
தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வந்தது என்றும்.
காலை எட்டுக்கு ஒரு பாதிரியாருக்கு
முன்பல் இரண்டு தர வேண்டும்.
மணி இரண்டாகிறது.
கீல் இன்னும் துருப்பிடிக்கவில்லை.