ஐந்து புள்ளி நான்கு

காலை ஐந்து மணிக்கு வெள்ளை மாத்திரை.
வெறும் வயிறு, ஒரு டம்ளர் தண்ணீர்.
அதன்பின் ஒரு மணி நேரம் காபி கிடையாது.
குவோப்பியோவில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள்,
துக்கம் விசாரிப்பதுபோல் கையைப் பிடித்துக்கொள்வார்கள்.
ஃபின்லாந்தில் பிறந்தவளுக்கு
அந்த ஒரு மணி நேரம்தான் நோய்.
மற்றதெல்லாம் வைத்தியம்.

இரவு எட்டு மணிக்கு நீல மாத்திரை.
நெஞ்சுக்குள் நான்கு வருடமாக ஓர் உலோகக் கதவு.
அதில் ரத்தம் உறைந்து ஒட்டிவிடக் கூடாது.
திறந்து மூடும்போது டிக் என்கிறது.
பனி கொட்டும் இரவுகளில், நாய்கூடக் குரைக்காத நேரத்தில்,
தௌனோ தலையணையைத் தள்ளிப் போட்டுக்கொள்வார்.
கடிகாரத்தோடு தூங்குகிறேன் என்பார்.
நின்றால் சொல்லுங்கள் என்பேன்.

எலிக்கு வைப்பதும் இதேதானாமே
என்றாள் பக்கத்துக் கடை ஹில்க்கா, ரொட்டியை அடுக்கிக்கொண்டே.
ஆமாம்.
எலி அளவு பார்த்துச் சாப்பிடுவதில்லை.

என் பிழைப்பு மீன் ஆய்வது.
விரல்நீள ஏரிமீன், நாளுக்கு இருபது கிலோ.
முப்பத்தொரு வருடமாக ஒரே கத்தி, மூன்றாவது பிடி.

அக்டோபரில் நான் அணைந்துகொண்டிருந்தேன்.
புருவத்தின் ஓரம் உதிர்ந்தது.
இரண்டு ஜோடிக் காலுறைக்குள்ளும் குளிர்.
விலை கேட்டவருக்குப் பதில் சொல்ல
ஒரு மீன் ஆயும் நேரம் ஆனது.
டாக்டர் வெள்ளை மாத்திரையைக் கூட்டினார்.
நவம்பர் முடிவதற்குள்
எனக்குள் யாரோ அடுப்பு மூட்டிவிட்டார்கள்.
சவுனாவின் பலகைகளைத் தேய்த்துக் கழுவினேன்.
எட்டு வருடம் பேசாத நாத்தனாருக்குப் போன் செய்தேன்,
அவள் பயந்துபோய் யார் செத்தது என்று கேட்டாள்.

யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்:
உடம்பு விழித்தால் உள்ளே எல்லாமும் விழிக்கும்.
மந்தமாய்க் கிடந்தபோது
ரத்தத்தை உறையவைக்கும் சரக்கும்
மெல்ல மெல்லத்தான் தீர்ந்தது.
இப்போது கைமாறக் கைமாறத் தீர்கிறது.
நீலம் அதே அளவு. எதிர்த்து நிற்கத்தான் ஆளில்லை.
ஒரே டப்பாவில் குடித்தனம் செய்யும் இரண்டும்
ஒன்றின் முகத்தை ஒன்று பார்த்ததில்லை.
அது பாட்டுக்கு அது, இது பாட்டுக்கு இது.

டிசம்பர் பதினொன்று.
கத்திகூட இல்லை, செவுளோரம் ஒரு முள்.
ஐஸ்மேல் சிவப்பைப் பார்த்து
மீனுடையது என்றே நினைத்தேன்.
ஒரு கிலோ கேட்டவர் என் விரலைப் பார்த்தார்,
மீனைப் பார்த்தார்,
பிறகு ரொட்டி வாங்கப் போனார்.
அரை மணி அழுத்திப் பிடித்தேன். நிற்கவில்லை.
வலியும் இல்லை, அதுதான் பயம்.
இவ்வளவு சத்தமில்லாமலா
என்னைவிட்டுக் கிளம்புவாய்?

மாலையில் நர்ஸ் பிர்யோ கூப்பிட்டாள்.
ஐந்து புள்ளி நான்கு.
மூன்றில் நிற்க வேண்டியது.
வானிலை வாசிப்பவளின் நிதானம் அவள் குரலில்.
இரண்டு இரவு நீலம் வேண்டாம், புதன்கிழமை மறுபடி ஊசி.
தைராய்டு மாத்திரை கூட்டினார்களே, சொன்னீர்களா?
யாரிடம்?
கழுத்து டாக்டர் கழுத்தைப் பார்த்தார்,
நெஞ்சு டாக்டர் நெஞ்சை.
இரண்டுக்கும் நடுவே ஒரு சாண்.
அங்கேதான் நான் இருந்தேன்.

வசந்தத்தில் செந்தட்டித் தளிர் சூப் வைக்கலாமா என்று
பிப்ரவரியிலேயே கேட்டு வைத்தேன்.
கீரைக்குத் தடையில்லை, எதுவானாலும் சீராக இருக்கட்டும் என்றாள்.
சீராகவா?
டிசம்பரில் ஐந்து மணி நேரம் தலைகாட்டிவிட்டு ஓடுகிற,
ஜூனில் படுக்கப் போக மறுக்கிற
சூரியனின் கீழே இருந்துகொண்டா?
சரி என்றேன். வாரம் ஒரு கிண்ணம்.

இப்போது கையுறை போட்டு ஆய்கிறேன்.
விரலுக்கு மீன் தெரிவதில்லை.
நேற்றைய எண் மூன்று புள்ளி ஒன்று.
பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன், பேனாவால் அல்ல.

மணி ஐந்து நாற்பது. இன்னும் இருபது நிமிடம்.
வெளியே மைனஸ் பதினான்கு.
வாசனை எனக்கு வந்துவிடக் கூடாதென்று
தௌனோ கோட்டை மாட்டிக்கொண்டு
பால்கனியில் நின்று தன் காபியைக் குடிக்கிறார்,
கண்ணாடிக்கு முதுகைக் காட்டி.