உருகுநிலைக்குக் கீழே

மோதிரத்தைக் கழற்றி
பதினான்காம் எண் அலமாரியில் வைத்துவிட்டு
மணிக்கட்டில் தரைக்கம்பிப் பட்டையை மாட்டுகிறேன்.
டைட்டானியத் தூளுக்குப் பொறி ஆகாது.
துவாஸின் காற்றும் ஆகாது,
கடலில் நனைத்துப் பிழியாமல் உதறிய காற்று.
ஆர்கான் நிறைந்த கண்ணாடிப் பெட்டிக்குள்
தடித்த கையுறைகள் என் கைகளாகி
நாற்பது கிராம் அளக்கின்றன.

விபூதியின் நிறம்தான், கனம் வேறு.
ஒவ்வொரு துகளும் தன்னந்தனி உருண்டை,
தன் தோலுக்குள் தாழிட்டுக்கொண்டது.
சாய்த்தால் தண்ணீராய் ஓடும்.
குவித்தால் நிற்காது, சரியும்.
தட்டிப் பார்த்தால் ஒலிக்காத உலோகம்.

கிராஃபைட் அச்சு, உள்ளே கரித்தாள் சுற்று,
மேலே ஒரு தண்டு, கீழே ஒரு தண்டு.
ருக்காயா எட்டிப் பார்த்தாள்:
"புத்து பிரிங்தான் இது, கருப்பட்டி வைக்க மறந்துட்டே."
குழல் புட்டு என்றேன் நான்.
பூன் கியாட், பசிக்கிறது என்று மட்டும் சொன்னான்.

கதவு மூடும். பம்பு உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சும்.
ஐந்து வோல்ட்.
என் மகனின் பொம்மைக் காருக்குக்கூட
இதைவிடக் கொஞ்சம் அதிகம் வேண்டும்.
ஆனால் மூவாயிரம் ஆம்பியர்,
விட்டு விட்டு, துடிப்புத் துடிப்பாக.
சத்தமே இல்லை.
பார்வைத் துளையில்
முதலில் இருட்டு,
பிறகு செங்கல்,
பிறகு பழுத்த பப்பாளியின் உள்பக்கம்.

தொள்ளாயிரத்து ஐம்பது டிகிரி.
உருக இன்னும் எழுநூறுக்கு மேல் வேண்டும்.
உருகப்போவதில்லை.
தொட்டுக்கொண்ட இடத்தில் மட்டும்
துகளுக்கும் துகளுக்கும் இடையே
ஒரு சின்னக் கழுத்து முளைக்கிறது.
அணுக்கள் பக்கத்து வீட்டுக்குக் குடிபோகின்றன.
திரையில் தண்டு இறங்கும் கோடு
ஒரு மில்லிமீட்டர், இரண்டு, நாலு,
அப்புறம் சமதரை.
அங்கே ஐந்து நிமிடம் பிடித்து வைக்க வேண்டும்.
அவ்வளவுதான் வேலை.

"ஜூரோங் ஈஸ்ட் காலை ரயில்ல
நாமும் இந்தத் தூள்தானே" என்பான் பூன் கியாட்.
இல்லை.
அங்கே அழுத்தம் மட்டும்தான்.
மின்சாரம் தண்டவாளத்தோடு போய்விடுகிறது,
ஒருவருக்குள்ளும் பாய்வதில்லை.

போன மாதம் ஒரு புதன்கிழமை அச்சு பிளந்தது.
சீக்கிரம் முடியட்டும் என்று
அழுத்தத்தைக் கூட்டியது நான்.
பதிவேட்டில் காரணம் என்ற கட்டத்தில்
'அவசரம்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.
அன்றுதான் மோதிரத்தை எடுக்காமல் வீட்டுக்குப் போனது.
மறுநாளும் எடுக்கவில்லை. அதற்கு மறுநாளும்.
மறதி என்று சொல்லிக்கொண்டேன்.
பதினொரு நாள்.

தனபாலன் பகல் பேருந்து ஓட்டுகிறான்.
எனக்கு இரவுப் பணி.
மின்தூக்கி வாசலில்
நான் ஏற, அவன் இறங்க,
சாப்பாட்டு டப்பா கைமாற,
பையனுக்குக் காய்ச்சல் விட்டதா என்று கேட்க,
எங்களுக்கும் கிடைப்பது ஐந்து நிமிடம்.
விரலை அவன் பார்த்தானா, தெரியாது.
கேட்கவில்லை.
கேட்காததை நான் எண்ணிக்கொண்டிருந்தேன்,
ஒவ்வொரு நாளாக.

இன்றைய வில்லை ஆறிவிட்டது.
ஒட்டியிருந்த கரியைத் தேய்த்தெடுத்து
காற்றில் ஒருமுறை எடை, தண்ணீரில் ஒருமுறை எடை.
அடர்த்தி தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்று.
மீதியில் என்ன இருக்கிறது என்று
புதிதாய் வந்த மாணவி ஸீ ஸுவான் கேட்டாள்.
ஒன்றுமில்லை என்றேன்.
உண்மையாகவே ஒன்றுமில்லை, வெளியேற வழியடைந்த வெற்றிடம்.
"அது பரவாயில்லையா?"
எதற்குச் செய்கிறோம் என்பதைப் பொறுத்தது.
மேசையில் சுண்டினேன்,
மணிபோல் அல்ல, டம்ளர்போல் ஒலித்தது.

பன்னிரண்டாம் நாள் காலை
மோதிரத்தோடு போய் நின்றேன்.
டப்பாவை வாங்கும்போது
என் விரலைப் பார்க்காமல், தொட்டுவிட்டு,
"கிடைச்சிருச்சா" என்றான்.
பதில் சொல்ல வாயெடுத்தேன்.
மின்தூக்கிக் கதவு மூடிக்கொண்டது.
ஒன்பதாம் மாடிவரை
நகத்திலிருந்த கரியைச் சுரண்டிக்கொண்டே போனேன்.