நடு அடுக்கு

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
மூணு எம்எம் பிளைவுட் கேட்டேன்.
"கதவுக்கா, அலமாரிக்கா?" என்றார் ஞானசிகாமணி.
"கடிகாரத்துக்கு."
என்னை ஒருமுறை பார்த்துவிட்டு
மெரைன் பிளை ஒன்றை உருவினார்.
"கடல்லே போட்டாலும் ஒண்ணும் ஆகாது, கேட்டியளா."
அதுதான் எனக்கு வேண்டாதது.
கடல் நுழையாத பசைக்குள்
என் பத்து வாட் நீல ஒளியும் நுழையாது.

துணி துவைக்கும் இடத்தில் இருக்கிறது இயந்திரம்,
தகரப் பெட்டிக்குள்.
ஆரஞ்சுக் கண்ணாடி மாட்டிக்கொண்டு
பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன், ஒரு வாளித் தண்ணீரோடு.
பழைய எக்சாஸ்ட் விசிறி புகையை மதிலுக்கு அப்பால் தள்ளும்.
அப்பால் ரோஸிலி.
"இன்னைக்கு என்னத்தக் கரிக்கிய?" என்று கேட்டவள்
இப்போது கேட்பதில்லை, மணத்திலேயே சொல்கிறாள்.
ரப்பர் மரம் என்றால் சும்மா இருப்பாள்.
எம்டிஎஃப் என்றால்
சன்னலைச் சாத்தும் சத்தம் வரும்.

குலசேகரத்து ரப்பர் பிளை முகத்துக்கு நல்ல பிள்ளை.
வழவழப்பு, ஒரு கணு கிடையாது.
நாற்பது பல் சக்கரம். முப்பத்தாறு பல் ஒழுங்காக வந்தது.
முப்பத்தேழில் ஒளி நின்று புகைந்தது.
கத்தி வைத்து நெம்பினேன், பல் உடைந்தது.
உள்ளே பார்த்தால்
இரண்டு துண்டு சேராத சந்தில்
யாரோ பசையை ஊற்றி நிரப்பியிருக்கிறார்கள்,
கறுப்பாக, கல்லாக.
மேல்தோலும் கீழ்த்தோலும் சேர்ந்து மறைத்த இடம்.

அதற்குப் பிறகு கடையில் நான் முகத்தைப் பார்ப்பதில்லை.
ஓரத்தைப் பார்க்கிறேன்.
தரையில் கிடத்தி எந்த மூலை எழுகிறது என்று பார்க்கிறேன்.
வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தால்
ஞானசிகாமணியின் பையன்
"டீச்சர் எக்ஸ்ரே எடுக்குது" என்கிறான்.
நான் டீச்சர் இல்லை. கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில்
குடுவை கழுவி அடுக்குகிறவள்.

அங்கேதான் துறைத்தலைவர் கறுப்புத் தகடு ஒன்றைத் தந்தார்.
விளம்பரப் பலகைக் கடையில் மிஞ்சியது.
"அக்ரிலிக்தான் பெனிலா, சாவிக்கொத்து அறுபது வெட்டித் தா."
தெளிந்த அக்ரிலிக்கை என் ஒளி பார்ப்பதே இல்லை,
ஊடே போய் அடித்தகரத்தைச் சுடும்.
கறுப்பு என்றால் வெட்டும்.
ஆனாலும் செம்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி
தகட்டில் ஒரு தொடல், மறுபடி தீயில் காட்டினேன்.
பச்சை.
மாணவிகள் "ஐ!" என்றார்கள்.
அவ்வளவு அழகான பச்சை.
பிவிசி, சார்.
இதை வெட்டினால் வருவது
முதலில் என் தொண்டைக்கு, பிறகு இயந்திரத்தின் திருகுகளுக்கு,
பிறகு ரோஸிலிக்கு.
அவர் தகட்டை வாங்கி
மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டார். பத்து நாள் பேசவில்லை.

ஐப்பசி மழையில் மீதிப் பிளை எல்லாம்
பப்படம் மாதிரி வளைந்தது.
காஸ் சிலிண்டரை மேலே ஏற்றிவைத்தேன்.
சிலிண்டருக்கு அடியில் மட்டும் நேராயிற்று.

கடைசியில் கிடைத்தது காசு கொடுக்காத ஒரு தகடு.
கண்ணாடிக் கட்டு உடையாமலிருக்க இடையில் செருகி வந்தது,
ஞானசிகாமணி வாசலில் மிதியடியாகப் போட்டிருந்தார்.
ஓரத்தைப் பார்த்தேன். மூன்று அடுக்கும் ஒரே வெளிறல்.
"அது கழிவாக்கும், வேணுமெங்கி கொண்டு போங்க."

துடைத்து, காயவைத்து, வெட்டினேன்.
நாற்பதாவது பல் முடிந்ததும்
சக்கரம் தானாகவே தட்டில் விழுந்தது,
டக்கென்று.
அந்தச் சத்தத்துக்காக இன்னொன்று வெட்டினேன், தேவையில்லாமல்.

மதிலுக்கு மேலே ரோஸிலியின் தலை.
"இது என்ன மரம்? நல்லா இருக்கே."
தெரியவில்லை.
ஞானசிகாமணிக்கும் தெரியவில்லை,
"லாரியில அடியில கிடந்து வந்தது, ஆரு கண்டா."

கடிகாரம் நாளைக்கு ஏழு நிமிடம் பிந்துகிறது.
இன்னும் இரண்டு சக்கரம் மாற்றினால் சரியாகும்.
அந்தத் தகட்டில் இனி உள்ளங்கை அளவுதான் மிச்சம்.
அடுத்த கண்ணாடி லாரி எப்போது என்று
சனிக்கிழமைதோறும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.