ஊர் என்ற கட்டம்

கல்முனை பஸ் நிலையத்துக்குப் பின்னால்
போன் திருத்தும் கடை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
நாலு பேர், பிளேன்டீக் கறை பிடித்த
பில் புத்தகத்தின் முதுகில்
எங்கள் அணிக்குப் புதுத் தளம் வரைகிறோம்.

மேலே பெயர். அதற்கே ஒரு மணித்தியாலம் போனது.
கீழே போட்டி அட்டவணை.
வெள்ளி பகலையும் ஞாயிறு காலையையும்
வெறுமையாய் விடு என்றான் ஜதுசன்.
ஏனென்று ஒருவரும் கேட்கவில்லை.

சேரும் படிவத்தில்தான் சிக்கியது:
விளையாட்டுப் பெயர், வயது, ஊர்.
ஊர் வேணுமா? என்றாள் ஷிஃப்னா,
இரண்டு வருடமாய் வெறும் குரலாய் இருப்பவள்,
இன்றும் ஸ்பீக்கரில்தான்.

பேனை நின்றது.
ஒரே வீதிக்கு இந்தப் பக்கம் ஒரு பெயர்,
அந்தப் பக்கம் இன்னொன்று.
மேசைக்குக் கீழே யாரோ
செருப்பைக் கழற்றிக் கழற்றிப் போட்டான்.

மறுகா அஸ்ஜத் ஊரை வெட்டினான்,
அதன் தலைக்கு மேல் 'பிங்' என்று எழுதினான்.
பாண்டிருப்பில் அறுபத்திரண்டு.
சாய்ந்தமருதில் அறுபத்தொன்று.
எனக்கு எண்பது, சிரிக்காதீங்க, என்றாள் ஷிஃப்னா.
அவள் பின்னால் தகரத்தில் மழை கொட்டியது.

எங்கள் தகரத்துக்கு அது வர
மூன்று நிமிடம் பிந்தியது.
ஜதுசன் பில் புத்தகத்தைச்
சட்டைக்குள் செருகிக்கொண்டான்.