நான்காவது பயணச்சீட்டு

நாங்கள் மூன்று பேர்.
பயணச்சீட்டு எப்போதும் நான்கு.
ஜன்னலோர இருக்கையில் என் டபுள் பாஸ்
இடுப்பில் இரண்டு பெல்ட்டுகளை இணைத்துக் கட்டிக்கொண்டு
மில்வாக்கியிலிருந்து ஆஸ்லோ வரை
ஒரு வார்த்தை பேசாமல் வரும்.
அதற்கும் சாப்பாட்டுத் தட்டு உண்டு.
தின்பது ருடெல்.
"கோழியா, பாஸ்தாவா?" என்று பணிப்பெண் கேட்டால்
பாஸின் சார்பில் அவனே பதில் சொல்வான்.
முப்பத்தொரு வருடம் ட்ரம்ஸ் வாசித்ததில்
கிடைத்த ஒரே உபரி வருமானம் என்பான்.

மற்றபடி வருமானம்:
காலையில் ருடெல் பள்ளிப் பேருந்து ஓட்டினான்.
ஆல்விஸுக்கு ஞாயிறுதோறும் இரண்டு தேவாலயங்கள்,
ஒன்றில் கைதட்டுவார்கள், மற்றதில் இருமுவார்கள்.
நான் பல் மருத்துவர்களுக்கு வரிக்கணக்கு எழுதினேன்.
எங்கள் மூன்றாவது இசைத்தட்டுக்கு
டென்மார்க்கில் ஒரு விருது கொடுத்தார்கள்.
கண்ணாடியில் செய்த மீனோ இலையோ.
சுங்கத்தில் அதன் விலை கேட்டார்கள்.
படிவத்தை நான்தான் நிரப்பினேன்,
மதிப்பு என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டு.

ஆல்விஸ் டாலிவரின் இடது கையைப் பற்றி
எழுதாத பத்திரிகை இல்லை.
அந்தக் கை இறங்கினால் நான் ஒதுங்க வேண்டும்.
குறுகலான மாடிப்படியில்
சோபா தூக்கி வருகிறவனுக்குச் சுவரோடு ஒட்டி
வழிவிடுவதுபோல.
பதினேழு வருடம் அதைத்தான் கற்றேன்.

பிறகு ஒரு பிப்ரவரி. ஏரி உறைந்திருந்தது.
சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை என்று
தொலைபேசியில் சொன்னான்,
ஏதோ பொத்தானின் குற்றம்போல.
கோடைக்குள் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்
திரும்பி வந்தன.
மற்ற மூன்றும் வரவில்லை.

யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.
ஒரு புதன்கிழமை, வாட்டர் தெருவில் ஒரு நிலவறை,
மதுக்கடைக்காரனைச் சேர்த்துப் பதினொரு பேர்.
இரண்டாம் சுற்றில் அவன் கை
வழக்கம்போலக் கீழே போனது.
போய், அங்கேயே நின்றது.
ருடெல் பிரஷ்ஷைத் தோலிலிருந்து எடுக்கவே இல்லை.
ஒரு வட்டம், இன்னொரு வட்டம்,
சிக்னலில் நிற்கும் பேருந்தின் வைப்பர்போல.
நான் அந்த ஸ்வரத்தை எடுத்து வைத்தேன்.
அடுத்ததையும்.

"வயது தந்த மௌனம்" என்று எழுதினார்
சிகாகோ விமர்சகர் ஒருவர்,
"டாலிவர் இப்போது வாசிக்காமல் விடுவதுதான் இசை."
ருடெல் அதை வெட்டி
ஸ்நேர் பெட்டியின் உள்மூடியில் ஒட்டிக்கொண்டான்.
அந்த வருடம் கச்சேரிகள் இரட்டிப்பாயின.
நிறைத்து வாசித்தபோது வராத கூட்டம்
ஓட்டையைக் கேட்க வந்தது.
எனக்கு வந்தது கோபம்.
அவன் விட்டதாக அவர்கள் கொண்டாடிய ஒவ்வொரு ஸ்வரமும்
என் விரல்நுனித் தோலை உரித்துக்கொண்டிருந்தது.
பெர்கனில் மூன்று இரவு
அவனோடு சாப்பிட உட்காரவில்லை.

ஆஸ்லோ வானொலியில் ஒரு பெண் நேரடியாகவே கேட்டாள்,
அந்த இடது கை எங்கே போயிற்று?
ஆல்விஸ் யோசிக்கவில்லை.
"வெர்னாவிடம் இருக்கிறது.
என்னிடம் இருந்ததைவிடச் சுத்தமாக வைத்திருக்கிறாள்."
பிறகு மைக்கை உள்ளங்கையால் பொத்தி,
"வாடகை போட்டுவிடாதே, கணக்குப்பிள்ளை."

திரும்பும் விமானம்
பனியால் மூன்று மணி நேரம் ஓடுபாதையிலேயே நின்றது.
ஆல்விஸ் ஒற்றைக் கையால் ரொட்டியில் வெண்ணெய் தடவ
ரொட்டி தட்டைச் சுற்றி ஓடியது.
நான் பார்த்துக்கொண்டிருந்தேன். உதவவில்லை, அவன் கேட்கவில்லை.
ருடெல் பாஸின் கேக்கை
மூன்றாக வெட்டினான்,
பெரிய துண்டைத் தனக்கு வைத்துக்கொண்டு.