மஸ்டர் ரோல்

முதல் எஞ்சினை மதுரை கூட்ஸ் ஷெட்டிலிருந்து
பதினாறு மாடு பூட்டித்
திருமங்கலத்துக்கு இழுத்து வந்தவர் பொம்மைய நாயக்கர்.
கப்பலூர் மேட்டில் ஒரு மாடு விழுந்தது.
அதன் விலையும் கணக்கில் இருக்கிறது,
நானே பார்த்திருக்கிறேன்.

ஈட்டி பிடித்து வந்த வம்சம்
கருங்கண்ணி வாங்கி விற்றுக் காசு பார்த்தது,
ஆனால் ஈட்டியைக் கீழே வைக்கவில்லை.
வீட்டுக்கு ஒரு பிள்ளை பட்டாளத்துக்கு.
மிச்சப் பிள்ளைகள் மில்லுக்கு.

கேட்டுக்குள் வருகிற எவனுக்கும் நம்பர் உண்டு,
என் மகனுக்கும் உண்டு என்றாராம் பெரியவர்.
எத்திராஜுலுவுக்கு ஏழு.
பர்மாச் சண்டையில் அவர் இருந்த மூன்று வருசமும்
டைம் ஆபீசில் எனக்கு முந்தியவர்
ஏழாம் வரியில் நாள் தவறாமல்
'ஆ' போட்டிருக்கிறார்.
ஆப்சென்டின் ஆ.
சம்பளக் கட்டத்தில் சைபர்.
அந்த மூன்று வருசமும் மூன்று ஷிப்டும்
காயத்துக்குக் கட்டும் துணிக்கு நூல் ஓடியது.
இரண்டு விரல் குறைந்து திரும்பியவர்
அறுந்த இழையை முடிய
மூன்று போதும் என்று சிரித்தாராம்.

நான் சேர்ந்தது அறுபத்தொன்பதில்.
எழுபத்தொன்று டிசம்பரில்
அந்த ஏழு, பேரன் தோதாத்ரியுடையது.
கேப்டன்.
சிவப்பு மையில் 'தேச சேவை' என்று எழுதச் சொன்னார் மேனேஜர்,
முழுச் சம்பளம்.
பெரியவர் போட்டோவில் இருந்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.

அதே பக்கத்தில், முப்பது வரி கீழே,
முன்னூற்றுப் பதினெட்டு.
ஒச்சப்பன், கார்டிங்.
வருசத்துக்கு ஒரு மாதம் மட்டும் காக்கி போடும்
பிராந்தியப் படைக்காரன்.
அவனுக்கும் தந்தி வந்தது.
காட்டிவிட்டுத்தான் போனான்.
தந்தியை எங்கே வைத்தேன் என்று
எனக்கு இன்றைக்கும் தெரியாது.

ஆ ஆ ஆ ஆ ஆ
ஆ ஆ ஆ ஆ ஆ
பத்து நாளுக்கு மேல் போனால் நீக்கம்.
விதி அப்படி.
கோடு போட்டேன்.
ஸ்கேல் வைத்து, நேராக.

மாதம் பிறந்து ஏழாம் தேதி
அவன் பெண்சாதி சம்பளச் சன்னலுக்கு வந்தாள்.
பேர் இல்லையே அம்மா என்றேன்.
அவர் வந்துதான் கேட்பார் என்று போனாள்.
அவன் வரவில்லை.
தோதாத்ரி வந்தார்,
ரயிலடியிலிருந்து மில் வரை மாலை.
சங்கு இரண்டு நிமிடம் ஊதியது.
ஊதச் சொல்லி எழுதிய சீட்டும் என் கையெழுத்துதான்.

மில்லை விற்க வந்தது அவர் மகள்,
மேஜர் சுநந்தா.
கதிர்களை எடைக்கு எடுக்க ஆள் வந்திருந்தான்.
பழைய மஸ்டர்களைப் புரட்டிக்கொண்டே நின்றவர்
அந்தப் பக்கத்தில் நின்றுவிட்டார்.
இது யாரோட கை?
என் கைதான்ம்மா.
ஏழையும் முன்னூற்றுப் பதினெட்டையும்
விரலால் மாற்றி மாற்றித் தொட்டார்.
வீடு எங்கே? வண்டியில ஏறுங்க.

செக்கானூரணி முக்கில்
ஒச்சப்பன் மகனுக்கு டயர்க் கடை.
அவன் அப்பனை அவன் பார்த்ததில்லை.
மில்லா, எந்த மில்லு என்றான்.
சொன்னேன்.
முழுதும் சொன்னேன், கோடு உட்பட.
அவன் எங்கள் வண்டியைச் சுற்றி வந்து
பின்டயர் இறங்கியிருக்கு என்று
காற்றுக் குழாயை இழுத்தான்.

நாற்பது ரூபாய்.
அவர் நூறு ரூபாய்த் தாளை நீட்டினார்.
மீதி வேண்டாம் என்று சொல்ல
வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார்.
கிரீஸ் விரலால் அவன் சில்லறை எண்ணி முடிக்கும்வரை
உச்சி வெயிலில்
குதிகால் சேர்த்து விரைப்பாக நின்றார்.

அது பழக்கமா, வேறு எதுவுமா,
நான் கோடு கிழித்த எந்த ரிஜிஸ்டரிலும்
அதற்குக் கட்டம் இருந்ததில்லை.