நாயைப் பற்றி ஏன் கேட்டீர்கள்

பல்கலைக்கழகத்திலிருந்து வந்த உறையில்
பன்னிரண்டு பக்கங்கள்.
கற்றல் இலக்குகள் என்று தொடங்கின.
மாணவர் எங்கே உட்காருவார் என்பது மட்டும்
ஒரு பக்கத்திலும் இல்லை.

காத்திருப்பு அறையிலிருந்து
நீல நாற்காலி ஒன்றை இழுத்துவந்தேன்.
கதவோரம் போட்டால் காவலாளி மாதிரி,
என் பக்கத்தில் போட்டால்
இருவர் சேர்ந்து விசாரிக்கிற மாதிரி.
கடைசியில் கைகழுவும் தொட்டியடியில்,
எடை பார்க்கும் எந்திரத்தை நகர்த்திவிட்டு.

எட்டு மணிக் கப்பலில் வந்தாள் ரோனா கிளவுஸ்டன்.
நாற்பத்து மூன்று வயது, என்னைவிட எட்டு கூட.
பதினாறு வருடம் அதே கப்பலின்
எந்திர அறையில் இருந்தவளாம்.
நகக்கண்ணில் கறுப்பு இன்னும் போகவில்லை.
"டாக்டர் இங்கா" என்றாள்.
எனக்குப் பின்னால் வேறு யாரோ
நிற்பதுபோல் இருந்தது.

முதல் ஆள் காதுவலி. அடுத்த ஆளும் காதுவலி.
மூன்றாவது ஒரு பண்ணைப் பையன், பசு மிதித்த கணுக்கால்.
நான் பேசிக்கொண்டே இருந்தேன்:
வீக்கம், நிறம், எங்கே அழுத்திப் பார்ப்பது,
எதற்கு அஞ்சவேண்டும், எதற்கு வேண்டாம்.
என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.
வானொலியில் கடல் வானிலை வாசிக்கிறவளின் குரல்.
பையன்கூட ஒருமுறை கொட்டாவி விட்டான்.
ரோனா மட்டும் எழுதிக்கொண்டே இருந்தாள்.

பத்தேகாலுக்கு எட்வின் டிரெய்ல்.
இரத்த அழுத்த மாத்திரைக்குச் சீட்டு, அவ்வளவுதான்.
கையில் பட்டையைச் சுற்றினேன், காற்று அடித்தேன்.
"நாய் எப்படி இருக்கிறது?" என்றேன்.
"நன்றாக இருக்கிறான்."
நூற்று முப்பத்தெட்டு, எண்பத்திரண்டு.
சட்டைக் கையை இறக்கிவிட்டு
காற்றோடு மல்லுக்கட்டிக் கதவைத் திறந்து
போய்விட்டார்.

"வழக்கமான வருகை" என்றேன் ரோனாவிடம்.
"இதில் கற்க ஒன்றுமில்லை."

குறிப்பேட்டைப் பின்னால் புரட்டினாள்.
"நாயைப் பற்றி ஏன் கேட்டீர்கள்?"

பதில் தயாராகத்தான் இருந்தது,
நோயாளியின் நம்பிக்கையைப் பெறுதல்,
ஒன்பதாம் பக்கமோ பத்தாம் பக்கமோ.
சொல்லவந்த நாக்கு பாதியில் நின்றது.
நான் அவர் நாயைப் பற்றிக் கேட்டதே இல்லை.
ஆறு வருடத்தில் ஒரு தடவைகூட.
கேட்கத் தேவையிருந்ததில்லை:
முழங்காலுக்குக் கீழே
வெள்ளை மயிர் அப்பிய கால்சட்டையோடுதான் வருவார்.
அவர் எழுந்துபோனதும்
நாற்காலியைத் தட்டிவிட்டுத்தான்
அடுத்தவரைக் கூப்பிடுவேன்.

இருவரும் அந்த நாற்காலியைப் பார்த்தோம்.
சுத்தமாக இருந்தது.

"கப்பலில் தூங்கும்போது" என்றாள் ரோனா,
"எந்திரச் சத்தம் எங்களுக்குக் கேட்காது.
நின்றால் எழுந்துவிடுவோம்."

தொலைபேசியை அவர் எடுக்கவில்லை.
மதியம் ரொட்டியைக் கையில் வைத்துக் கடித்தபடி
ஒற்றையடிச் சாலையில் காரை ஓட்டினேன்.
ரோனா இறங்கி மூன்று படலைத் திறந்து
மூன்றையும் மூடினாள்.

தொழுவத்துக்குப் பின்னால்
புதிதாய்க் கிளறிய மண்.
"நாய் செத்ததை மனுஷ டாக்டரிடமா சொல்வது?"
என்றார் எட்வின், எங்களைப் பார்க்காமல்.
பிறகு தேநீர் போடப் போனார்.
பிறகு, தண்ணீர் கொதித்து அடங்கிய பின்னும்
அடுப்படியிலேயே நின்றார்.
நேற்றிரவுச் சாப்பாடு தட்டில் அப்படியே இருந்ததை
ரோனா பார்த்தாள். அவள் பார்த்ததை நான் பார்த்தேன்.
இருபது நிமிடம் நான் வாயைத் திறக்கவில்லை,
அன்று காலையிலிருந்து முதல் தடவை.

மாலையில் படிவம்:
இன்று மாணவருக்கு என்ன கற்பித்தீர்கள்?
மூன்று கோடுகள் விட்டிருந்தார்கள்.
காதுவலி, இரண்டு. கணுக்கால், ஒன்று.
மூன்றாவது கோட்டில்
பேனா கொஞ்சநேரம் நின்றது.
படிவத்தை மூடிவிட்டு
வியாழக்கிழமைப் பட்டியலில்
எட்வின் டிரெய்ல் என்று எழுதினேன்,
இரத்த அழுத்தம் மறுபடி பார்க்க.

அழுத்தம் சரியாகத்தான் இருந்தது.